கடைக்காலுக்கு அடியில்

எங்கள் மனையில் கடைக்கால் தோண்டத் தொடங்கிய மறுநாள், மேஸ்திரி நான் வேலை பார்த்த எக்ஸ்ரே நிலையத்துக்கே வந்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நோயாளிகளைத் தாண்டி என் மேசை வரை வந்தவர், மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று குனிந்து பேசினார்.

"அண்ணன் டூட்டியிலயாமா?"

"விழுப்புரம் போயிருக்காரு. பொழுது போய்தான் வருவாரு. என்ன விஷயம்?"

"பானை ஒண்ணு வந்துருக்குது. என் இடுப்பு ஒசரம் இருக்கும். ஆளுங்க கடப்பாரையப் போட்டுட்டு மேல ஏறிட்டாங்க. உள்ள எலும்பு கீது."

"மாட்டெலும்பா?"

"மனுச எலும்புமா. மண்டை தெரியுது."

டாக்டரிடம் சொல்லிக்கொண்டு ஓர் ஆட்டோவில் கிளம்பினேன். மனை செங்கம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. சில வருடங்களுக்கு முன்புவரை அது முழுக்க மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போட்ட நிலம். எண்பத்தொன்பதில் திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரம் ஆனதும் ஆபீஸ்கள் வந்தன. ஆபீஸ்களோடு ஜனங்கள் வந்தார்கள். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர். போளூரிலிருந்து இந்த ஊர் டிப்போவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தார். கொல்லைகளில் மஞ்சள் கல் நட்டு மனை போட்ட காலத்தில் கையில் இருந்ததையெல்லாம் சேர்த்து ஒரு மனை வாங்கினோம். வாங்கும்போது அந்த இடத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாகக் கிடந்தன. மனை போட்டவர் அவற்றையெல்லாம் புல்டோசரால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். ஆடு மேய்க்கிறவர்கள் அந்த இடத்தைப் பாண்டவர் குழி என்று சொல்வார்கள். கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான். கல்லுக்கு அடியில் என்ன இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

குழிக்குள் எட்டிப் பார்த்தேன். அது எங்கள் சமையலறை வரவேண்டிய மூலை. சிவப்புப் பானையின் வாய் உடைந்திருந்தது. உள்ளே மண் பாதி நிரம்பியிருந்தது. அந்த மண்ணில், மண்ணின் நிறத்திலேயே, ஒரு மண்டையோட்டின் நெற்றிப் பக்கம் தெரிந்தது. அதன் பக்கத்தில் தொடை எலும்புகளை விறகு அடுக்குவதுபோல் அடுக்கியிருந்தார்கள். எக்ஸ்ரே படத்தில் தினமும் பார்க்கிற எலும்புதான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற படத்தில் அது எனக்கு ஒருநாளும் பயத்தைத் தந்ததில்லை. இங்கே ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"மூடிடலாமாமா? சொன்னா மேலயே கான்கிரீட் போட்டுடறேன்" என்றார் மேஸ்திரி.

நான் பதில் சொல்வதற்குள் தெருவே கூடிவிட்டது. நாலு வீடு தள்ளிக் குடியிருந்த கல்லூரி வாத்தியார் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். பானையைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாரும் கை வைக்காதீங்க, இது முதுமக்கள் தாழி" என்றார். அந்த வாரத்திலேயே தொல்லியல்காரர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் வேலை நின்றது.

அப்போது நாங்கள் பெரிய தெருவை ஒட்டிய சந்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். செங்கத்துக்கு அப்பால் ஊரில் இருந்த என் மாமியாருக்கு எப்படியோ விஷயம் போய், முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். தண்ணீர்கூடக் குடிக்காமல் மகனிடம் கேட்டார்.

"சுடுகாட்டுல வீடு கட்டப் போறியா?"

"சுடுகாடு இல்லம்மா. ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல இருக்கும்னு சொல்றாங்க. அது எப்பவோ."

"எப்பவா இருந்தா இன்னா? செத்தவங்க செத்தவங்கதானே. வித்துட்டு வேற எடம் பாரு."

"இனிமே அதை யாரு வாங்குவாங்க?"

மாமியார் என் பக்கம் திரும்பி, "நீயாச்சும் சொல்லு" என்றார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். எனக்கும் அந்த மனை வேண்டாம் என்றுதான் இருந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் சொன்னது உண்மை. வேறு வழி இல்லை.

வந்தவர்கள் மனை முழுவதையும் ஆணி அடித்துக் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்தார்கள். அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து போவார். அங்கேயே இருந்து வேலையைப் பார்த்தது ஓர் ஆராய்ச்சி மாணவி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு விடுகிற அறை ஒன்றில் தங்கியிருந்தாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து வெயில் சாயும்வரை குழிக்குள்ளேயே கிடப்பாள். மூங்கில் சீவலாலும் பெயின்ட் பிரஷ்ஷாலும் மண்ணை எடுப்பாள். எடுத்த மண்ணையும் சல்லடையில் போட்டு அலசுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு போவேன். எங்கள் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும் என்ற எண்ணம்தான் முதலில் இருந்தது. போகப்போக அவளைப் பிடித்துவிட்டது.

"அக்கா, உங்களுக்குக் கோவமா இருக்கும், வீட்டை நிறுத்திட்டோம்னு" என்றாள் ஒருமுறை.

"கோவப்பட்டு இன்னா ஆவப்போவுது? சீக்கிரம் முடிங்க."

சிரித்தாள். முதல் தாழிக்குப் பிறகு இன்னும் இரண்டு கிடைத்தன. சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்தன, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக. துருப்பிடித்துக் கட்டியாகிப்போன ஓர் இரும்புக் கத்தி. சிவப்புப் பாசிமணிகள், கொஞ்சம்தான். செத்தவர்களை முதலில் வெளியே போட்டு வைத்து, சதை போன பிறகு எலும்பைப் பொறுக்கி எடுத்து வந்து தாழியில் வைத்திருக்கலாம் என்று சொன்னாள். கேட்கும்போது அருவருப்பாக இருந்தது. பிறகு, ஒவ்வோர் எலும்பாகப் பொறுக்கிக்கொண்டு வர எவ்வளவு பொறுமை வேண்டும் என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவள் குழி ஓரத்தில் குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு கைகளும் குழிக்குள் இருந்தன. டீயை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பெரிய தாழிக்குப் பக்கத்துல சின்னது ஒண்ணு இருக்குக்கா. சாய்ச்சு வச்சிருக்காங்க" என்றாள் நிமிராமல்.

நாம் பருப்பு வேகவைக்கிற பானை அளவுதான் இருக்கும். அதன் வாயை ஒரு தட்டைக் கல்லால் மூடியிருந்தார்கள். கல்லை எடுத்துத் தனியாக வைத்திருந்தாள். உள்ளே இருந்த மண்ணைப் பாதி எடுத்துவிட்டாள். ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் தடிமனாகச் சில எலும்புகள் தெரிந்தன. உடைந்த முட்டையோடு மாதிரி மெல்லிய துண்டுகள்.

"இது என்ன?"

"குழந்தைக்கா. பொறந்து கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும். இதை மட்டும் முழுசா வச்சிருக்காங்க. பாருங்க, கால் மடங்கி இருக்குது."

பார்த்தேன். கால் மடங்கித்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு குட்டிக் கிண்ணம், என் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு.

"கிண்ணம் எதுக்கு?"

"சாப்பிட ஏதாவது வச்சிருப்பாங்க. பாலோ என்னவோ. உறுதியா சொல்ல முடியாது."

நான் எழுந்துவிட்டேன். பிளாஸ்கை எடுத்துக்கொள்ளாமலே ரோட்டுக்கு வந்து, எந்தப் பஸ் என்று பார்க்காமல் ஏறி, வீடு வந்து சேர்ந்தேன்.

எனக்கு முதலில் பிறந்தது ஒரு பெண் குழந்தை. இந்த ஊருக்கு வந்த மறு வருடம், ஆஸ்பத்திரியில். பிறந்தபோதே மூச்சு சரியாக இல்லை. பேர் வைக்கிற நாள் வருவதற்கு முன்பே போய்விட்டது. விடிகாலையில் போனது. பத்து மணிக்கெல்லாம் என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். சின்னக் குழந்தையை எரிப்பது கிடையாது, புதைப்பதுதான். பெண்கள் போவதும் கிடையாது. நான் கட்டிலில் படுத்திருந்தேன். அவர்கள் வாசலைத் தாண்டும்போது துண்டின் ஒரு முனை அண்ணன் கைக்கு வெளியே தொங்கியது மட்டும்தான் கண்ணில் பட்டது. பால் கட்டிக்கொண்டு வலித்தது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்று கட்டினார்கள். இன்றைக்கும் மல்லிகை வாசம் எனக்கு ஆகாது. கோயில் வாசலில் பூக்கடைகளைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போவேன்.

திரும்பி வந்தவர்களிடம் எங்கே வைத்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். "அதைக் கேக்கக் கூடாது. கேட்டா அடுத்தது தங்காது." நான் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அடுத்த பெண் பிறந்தாள், தங்கினாள், பள்ளிக்கூடம் போகவும் ஆரம்பித்துவிட்டாள். நாங்கள் மூன்று பேர் இருந்த வீட்டில் அந்த முதல் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பேர் இல்லாததால் பேச்சில் தவறியும் வர வழியில்லை.

சின்னப் பானையைப் பார்த்த அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வந்தார். சாப்பிடட்டும் என்று காத்திருந்தேன். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து கேட்டேன்.

"நம்ம கொழந்தையை எங்க வச்சீங்க?"

எந்தக் குழந்தை என்று அவர் கேட்கவில்லை. தட்டிலேயே கையைக் கழுவினார்.

"எதுக்கு இப்ப?"

"அந்த மனையில ஒரு கொழந்தை வந்திருக்குது. சட்டியில வச்சி, கல்லு போட்டு மூடி, பால் கிண்ணம் வச்சிருக்காங்க. நம்மளுதை எங்க வச்சீங்க, எப்படி வச்சீங்க, எனக்குத் தெரியணும்."

கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கு எனக்கு லீவு. கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஊருக்கு வெளியே ஏரி ஓரமாகப் போவோம், முள் காடாக இருக்கும் என்று என் மனதில் ஏதோ ஓர் இடம் இருந்தது. அவர் வண்டியை நிறுத்திய இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களின் பஸ்கள் நிற்க ஏற்பாடு செய்திருந்த மைதானம். கூட்டம் வருடத்துக்கு வருடம் ஜாஸ்தியாகிக்கொண்டே போனதால், ஊருக்குள் வருகிற ஒவ்வொரு சாலையிலும் இப்படி ஓர் இடத்தை மேடு பள்ளம் நிரவி கிராவல் கொட்டி வைத்திருந்தார்கள். அன்று பௌர்ணமி இல்லை. மைதானம் காலியாகக் கிடந்தது. ஆயில் ஒழுகின கறுப்புத் திட்டுகள், மிதிபட்ட தண்ணீர்ப் பாக்கெட்டுகள், ஆரஞ்சுத் தோல்.

"இங்கயா?"

"அப்போ இது மேடு. ஏரிக்கரை சரிஞ்சி வந்து முடியற எடம். எருக்கஞ்செடியா இருக்கும். கொழந்தைங்களை இங்கதான் வப்பாங்க."

"இதுல எந்த எடம்?"

அவர் நடந்தார். ஒரு மின்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். திரும்பி ஏரிப் பக்கம் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார். பிறகு பழைய இடத்துக்கே வந்தார். அவ்வளவு பெரிய பஸ்ஸைச் சந்தில் திருப்புகிற மனிதர், எங்கே நிற்பது என்று தெரியாமல் அந்த வெட்ட வெளியில் நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"தெரியலை. செடி இருந்திச்சி, அடையாளம் வச்சிருந்தேன். நெரவும்போது எல்லாம் போயிடிச்சி."

"எப்ப நெரவினாங்க?"

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும். அன்னிக்கி நான் இந்தப் பக்கமா வண்டி எடுத்துட்டுப் போறேன். புல்டோசர் ஓடினு இருக்குது. வண்டியில அறுபது எழுபது பேரு. நிறுத்த முடியாதே."

அதன் பிறகு அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பௌர்ணமி ஸ்பெஷல் வண்டியை இங்கதான் நிறுத்தச் சொல்றாங்க. மாசாமாசம் இங்கதான் கொண்டாந்து நிறுத்தறேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பௌர்ணமியும் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசமாட்டார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவார். மகள் மடியில் ஏறினால் இறக்கி விடுவார். கூட்டத்தில் வண்டி ஓட்டின அலுப்பு என்று நான் நினைத்துக்கொள்வேன். சில சமயம் சண்டையும் போட்டிருக்கிறேன். ஊரே புண்ணியம் தேடி நடக்கிற நாளில் இந்த மனிதருக்கு மட்டும் என்ன வந்தது என்று என் அம்மாவிடம் குறைகூடச் சொல்லியிருக்கிறேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? நீ கேக்கல. மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

அந்த வார்த்தை என்னை அப்படியே உட்காரவைத்துவிட்டது. கிராவல்மேல் உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. என் பக்கத்தில் குந்தினார். சரளைக் கல் ஒன்றை எடுத்து விரலால் நெருடிக்கொண்டே இருந்தார். மைதான ஓரத்துப் பெட்டிக்கடைக்காரர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பௌர்ணமியில் ஆள் காணாமல் போய் அழுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர். "யாரும்மா, கூட வந்தவங்களைக் காணமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் மனைக்குப் போனேன். மாணவி எலும்புகளையும் கிண்ணங்களையும் அட்டைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்தாள். அன்று நான் ஏன் எழுந்து போனேன் என்று அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன். சொல்லி முடிக்கிறவரை கையில் இருந்த சணல் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா உங்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க மாட்டேன்."

"காட்டினதுதான் நல்லது. இதை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"மெட்ராஸுக்கு. ஆபீஸ்ல இதெல்லாம் வைக்கிற அறை ஒண்ணு இருக்குது."

"அப்புறம் யாராச்சும் பாப்பாங்களா?"

அவள் பொய் சொல்லவில்லை. "ஆராய்ச்சிக்கு யாராவது கேட்டா எடுப்பாங்க. இல்லைன்னா அங்கயேதான் இருக்கும்" என்றாள். பிறகு, சின்னப் பானையில் இருந்ததைக் கட்டப் பஞ்சு போதவில்லை, மற்றதெல்லாம் முடித்துவிட்டேன், இது ஒன்றுதான் பாக்கி என்றாள். நான் வேலை செய்யும் இடத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போய் இரண்டு பஞ்சுச் சுருள் வாங்கி வந்தேன். இருவரும் அதைப் பிய்த்துப் பிய்த்துப் பெட்டிக்குள் பரப்பினோம். எலும்பை அவள்தான் வைத்தாள். தொட்டுப் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். எனக்குக் கை வரவில்லை. மூடுவதற்கு முன் மேலேயும் ஓர் அடுக்குப் பஞ்சு வைத்தேன். அவள் பெட்டிமேல் ஏதோ எண்ணை எழுதி ஜீப்பில் ஏற்றினாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்த்ததில்லை.

குழிகளை மூடிவிட்டு, இனிக் கட்டிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். நின்றுபோன வேலை மீண்டும் தொடங்க மழைக்காலம் தாண்டிவிட்டது. பழைய மேஸ்திரி வர மறுத்துவிட்டார். வேறு ஆள் பிடித்துக் கட்டி முடித்தோம். புதுமனை புகுவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் சிலர் சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்கள். ஆட்டோக்காரர்கள் எங்கள் வீட்டுக்குப் 'பானை வீடு' என்று பேர் வைத்தார்கள். மாமியார் வரவே இல்லை. அடுத்த வருடம் அவருக்கு உடம்பு முடியாமல் போனபோது, இங்கே கூட்டி வந்து பார்த்துக்கொள்கிறோம் என்று என் வீட்டுக்காரர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். "அந்த வீட்டுல என்னைப் படுக்க வைக்காத" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார் மாமியார். ஊரிலேயே செத்தார். அதற்காக என் வீட்டுக்காரர் என்னைக் குறை சொன்னதில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார்.

பௌர்ணமி டூட்டி வேண்டாம் என்று டிப்போவில் கேட்டுப் பார்த்தார். எல்லா வண்டியையும் ஓட்டுகிற நாளில் ஒரு டிரைவரை மட்டும் எப்படி விடுவது என்று கேட்டார்களாம். காரணத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதனால் தொடர்ந்து ஓட்டினார். ஒரு வித்தியாசம், திரும்பி வந்தால் நான் காத்திருப்பேன். வண்டியை எந்தப் பக்கம் நிறுத்தினீர்கள் என்று கேட்பேன். "ரோட்டோரமா" என்பார், அல்லது "உள்ள தள்ளிட்டாங்க" என்பார். அந்த ஒரு பேச்சாவது எங்களுக்குள் வந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் வீடுகள் வேகமாக எழும்பின. எங்களுக்கு நடந்ததைப் பார்த்து எல்லோரும் ஒரு பாடம் படித்திருந்தார்கள். தாழி கிடைத்தால் வெளியே தெரிவதற்குள் உடைத்து அள்ளிவிட வேண்டும். பக்கத்து மனைக்காரர் பேங்கில் வேலை பார்த்தவர், மரியாதையான மனிதர். ஒரு நாள் காலை பொக்லைன் வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். இரும்புப் பல் மண்ணில் இறங்குகிற சத்தத்துக்கு நடுவே, ஓடு நொறுங்குகிற சத்தம் வேறு மாதிரி கேட்டது. ஈரக் கையோடு ஓடினேன். வண்டியின் வாயிலிருந்து சிவப்பு ஓடுகளும் மண்ணும் டிராக்டருக்குள் விழுந்தன. மண்ணுக்குள் எலும்புகள் தெரிந்தன.

"சார், கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. ஆளுங்களை வுட்டு அதை மட்டும் தனியா எடுத்துடலாம்."

"வேணாங்க. உங்களுக்கு எத்தனை மாசம் வேலை நின்னுச்சின்னு பாத்தேன் இல்ல? எனக்குப் பொண்ணு கல்யாணம் இருக்குது. அதுக்குள்ள முடிக்கணும்."

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அள்ளிக் கொட்டாதீங்க, அவ்வளவுதான்."

"இது யாரு, எவருன்னு யாருக்குத் தெரியும்? நீங்க ஏன் இவ்வளவு வருத்தப்படறீங்க?" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். டிராக்டர் அதை ஏரிக்குப் போகிற வண்டிப்பாதையில் பள்ளம் நிரப்பக் கொட்டியது.

மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். சொன்னேன். சாப்பிட்டு முடித்தார். மீதியிருந்த சிமெண்ட் சாக்கு ஒன்றை உதறி எடுத்தார். "வா" என்றார்.

பட்டப்பகலில் இரண்டு பேரும் அந்தப் பாதையில் குந்திப் பொறுக்கினோம். அதற்குள் ஒரு மாட்டுவண்டி அதன்மேல் ஏறிப் போயிருந்தது. முழு எலும்பு கம்மி, துண்டுகள்தான். ஓடு எது, எலும்பு எது என்று முதலில் குழம்பினார். எலும்பு கனம் குறைவாக இருக்கும் என்று காட்டினேன். பிறகு சரியாக எடுத்தார். பாதையில் போன ஒன்றிரண்டு பேர் நின்று பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பானை வீட்டுக்காரர்கள் என்று தெரியும்.

சாக்கை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்துச் சுடுகாட்டுக்குப் போனோம். நான் அதற்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. குழி வெட்டுகிறவர் ஒரு கொட்டகையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பெண் பிள்ளை வருவதைப் பார்த்து எழுந்தார்.

"யாருதுங்க?"

"யாருன்னு தெரியாதுப்பா" என்றார் என் வீட்டுக்காரர். "பழசு. ரொம்பப் பழசு. வீடு கட்டத் தோண்டறப்ப வந்தது. ரோட்டுல கொட்டிட்டாங்க."

குழி வெட்டுகிறவர் சாக்கைத் திறந்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக ஓர் இடத்துக்கு நடந்தார். வெட்டும்போது பேசிக்கொண்டே வெட்டினார்.

"ஓரமா போடறேன். நடுவுல வேணாம். இங்கயும் ரோடு வருதுன்னு சொல்றாங்க. போன மாசம் வந்து அளந்துட்டுப் போனாங்க."

"எந்தப் பக்கம் வருது?" என்று கேட்டேன்.

மண்வெட்டியால் காட்டினார். சுடுகாட்டின் குறுக்கே, கொட்டகையிலிருந்து புளியமரம்வரை. "இது தப்பிக்கும்னு நெனைக்கிறேன். சொல்ல முடியாது."

குழி ஆழமாக இருந்தது. தேவைக்கு மேலேயே வெட்டியிருந்தார். சாக்கோடு போடலாமா, கொட்டலாமா என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். கொட்ட வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சாக்கை உள்ளே இறக்கினோம். குழி வெட்டியவர் மண்ணைத் தள்ளி மிதித்து, மேலே ஒரு கல்லைப் புரட்டி வைத்தார். வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல் கொஞ்சநேரம் நின்றோம். பிறகு மகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரமாகிவிட்டது என்று கிளம்பினோம்.